மீரான் காக்கா போட்ட தம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், அக்கா மகன் ஒரு மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாகத் திறந்திருக்கிற பிரியாணிக் கடையில் வாங்கியதாம். பானை வாயில் மூடி, மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அப்பியிருந்தது. பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டதே, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வாசித்தான்.

"தம்முங்கது பாரசீக வார்த்தையாம் மாமா. மூச்சுன்னு அர்த்தமாம். பத்து நிமிசம் கழிச்சுத் தொறக்கணும்னு போட்டிருக்கு." அதோடு விட்டானா, "எங்கம்மா சொல்லுவாள்லா, மீரான் காக்கா தம்மு. அந்த ருசி இதுல வருமா?" என்று ஒரு கேள்வி வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் ஒரு வாய் வைக்கவில்லை, அதற்குள் எரிந்தது. எழுபது வயதைத் தாண்டியவன், காலையில்தான் நற்கருணை வாங்கியவன், ஒரு பழைய பெயரைக் கேட்டதும் இப்படிப் புழுங்குகிறேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம். வெட்கப்பட்டுப் பொறாமை போனதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. முத்துக்குளிப்பு நின்று போய் வெகு நாளாகியிருந்தது. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி இல்லை என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது. தூத்துக்குடியில் அப்போது நடந்ததெல்லாம் சங்கு குளிப்புதான். முத்துக்குளித்த பரம்பரை என்று மார்தட்டிக்கொண்டு சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தோம். சூசை அத்தான், என் அக்காவைக் கட்டியவர், அந்தக் கடற்கரையில் நல்ல குளியாள் என்று பேர் எடுத்தவர். எட்டு ஒன்பது பாகம், அதாவது ஐம்பது அடி ஆழத்துக்குக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவருக்குக் கயிறு பிடிக்கிறவன் நான்.

கயிறு பிடிப்பது என்றால் சும்மா நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளியாளின் உயிர்க்கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பி கையில் கொடுக்க மாட்டார்கள், பெற்ற தகப்பன் கையிலும் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்து பங்கு மனசில் இருக்கலாம். தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்பது கணக்கு. ஆகையால் அந்தக் கயிறு எனக்கு வேலை மட்டும் இல்லை. அக்கா கழுத்துத் தாலிக்கு நான் காவல் என்று ஊர் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

கீழே போன ஆள் கயிற்றை ஆட்டினால் தூக்க வேண்டும். ஆட்டும்வரை பொறுக்க வேண்டும். கையில் கடிகாரமா கட்டியிருந்தோம்? மாதா செபத்தை வைத்துத்தான் எண்ணுவோம். அந்தக் காலத்தில் அதற்குப் பிரியதத்தம் என்று பேர். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று தொடங்கும். சூசை அத்தான் ஏழு பிரியதத்தம் தாங்குவார். ஏழாவது முடிகிற சமயத்தில்தான் கயிறு ஆடும் என்பார்கள்.

நான் ஏழுக்குப் போனதே இல்லை. ஆறாவதில் பாதி வரும்போது கை தானாக இழுத்துவிடும். அத்தான் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டினதும் மூச்சு வாங்குவதற்கு முன்னால் என்னை வையத் தொடங்குவார். "ஏலே, கைக்கெட்டுன சங்குலே. ரெண்டு சங்கப் பாத்துக்கிட்டே மேல வாரேன். ஒனக்கு என்ன பேதியாலே போவுது?" தோணி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். அடுத்த தடவையும் ஆறாவதில் பாதிதான்.

இப்படி இருக்கும்போதுதான் கீழக்கரையிலிருந்து மீரான் காக்கா வந்து சேர்ந்தார். முப்பது வயதுகூட இருக்காது, ஆனாலும் எல்லோருக்கும் காக்கா. கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல நீச்சல்காரர், ஆனால் குளிக்க மாட்டார். பாய் கட்டுவது, நங்கூரம் போடுவது, கயிறு இழுப்பது என்று தோணி வேலை மட்டும் செய்வார். ஏன் குளிக்கவில்லை, ஏன் சொந்த ஊரை விட்டு இங்கே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் வெற்றிலையை மடித்துக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்.

ஒரு நாள் தோணியில் எல்லோர் முன்னாலும் சூசை அத்தான் என் கையிலிருந்த கயிற்றை வாங்கி மீரான் காக்காவிடம் நீட்டினார். "காக்கா, நீங்க புடிங்க. இவன் பயந்தாங்கொள்ளி" என்றார். காக்கா முதலில் கையை நீட்டவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினார். அத்தான் கெஞ்சினார். கடைசியில் வாங்கிக்கொண்டார். வாங்கினவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் அதற்கு ஓர் அர்த்தமும் தோன்றவில்லை.

அவர் ஏழுக்கு அசைய மாட்டார். எட்டுக்கும் அசைய மாட்டார். கயிறு ஆடினால்தான் இழுப்பார். கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். அத்தான் பை கொள்ளாமல் சங்கோடு மேலே வருவார். அந்தச் சங்குகளைக் கழுவி அடுக்குகிற வேலை எனக்கு. கரைக்கு வந்தால் தண்டல், தோணியை நடத்துகிறவர், சும்மா இருப்பாரா? "ஏலே, ஒங்கக்காளுக்குக் கீழக்கரையில ஒரு தம்பி பொறந்திருக்கானாமே?" என்பார். சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறைத் துப்புவார். அது என் முகத்தில் விழுந்த மாதிரி இருக்கும்.

பொறாமையிலும் வகை உண்டு. அடுத்தவனிடம் இருப்பது நமக்கு இல்லையே என்பது ஒன்று. நம்முடையது அடுத்தவன் கையில் இருக்கிறதே என்பது இன்னொன்று. முதல் வகை சோறு தின்றால் ஆறிவிடும். இரண்டாவது வகை சோற்றோடு சேர்ந்தே உள்ளே போகும். எனக்கு வந்தது அந்த இரண்டாவது.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. சீசனுக்குக் கடற்கரையில் ஓலைக் குடிசை போட்டிருப்போம். பக்கத்திலேயே சங்கைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கி. சங்கின் சதை அழுகிப் போவதற்காகக் குழியில் போட்டு மூடியிருப்பார்கள். அந்த நாற்றம் தெரிந்தவனுக்கு உலகத்தில் வேறு நாற்றம் நாற்றமாகவே தெரியாது. அந்த நாற்றத்துக்கு நடுவில் மீரான் காக்கா அடுப்பு மூட்டுவார். கறியும் அரிசியும் முக்கால் வேக்காட்டில் அடுக்கி, மூடி போட்டு, சுற்றிலும் மாவை அப்பி, அடியில் நெருப்பைத் தணித்து, மூடி மேல் தேங்காய்ச் சிரட்டைக் கங்கை அள்ளிப் போடுவார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவார். இரண்டு தடவை ஓதி முடித்தால் சோறு ஆயிற்று. நாங்கள் பிரியதத்தத்தில் ஆளை எண்ணினோம், அவர் யாசீனில் பானையை எண்ணினார்.

"வாசன வெளிய வந்தா தம் போச்சு" என்பார். ஒரு தடவை நான் வேண்டுமென்றே வம்புக்கு நின்றேன். "தம்முங்கது எங்க வார்த்த காக்கா. பறங்கிக்காரன் கொண்டாந்தது" என்றேன். மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுக்கல் கப்பலில் எங்கள் கடற்கரைக்கு வந்த வார்த்தைகள் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். இதையும் அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்று எனக்கு எண்ணம். அவர் கோபப்படவில்லை. "யார் வார்த்தையா இருந்தா என்ன தம்பி. மூச்சுன்னு அர்த்தம்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. உள்ள இருக்கிற மூச்சுலயே அது வேகணும்" என்றார். கடலில் இறங்குமுன் அத்தான் தம் பிடிக்கிறதும் அதே வார்த்தைதான். தினமும் வாய்க்கு வாய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வாதத்தில் தோற்றுவிட்டோமே என்று இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. இன்றைக்கு ஒரு பிரியாணிக் கடைச் சீட்டு வந்து அவர் சொன்னது சரி என்கிறது.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. அத்தான் போய் அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஆசை வந்துவிட்டது. "ஒரு வாய் தின்னாப் போதும்டா" என்று என்னிடமே சொன்னாள். அரிசி கண்ட்ரோல் காலம். ரேசனில் போடுகிற அரிசி அரை வயிற்றுக்கும் காணாது. மீதி நேரம் கிழங்கும் கேழ்வரகும்தான். அக்கா தன் பங்கில் தினமும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, அம்மாவும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, இருபது நாளுக்கு மேலாகச் சேர்த்த அரிசி. அத்தான் எங்கிருந்தோ ஒரு தொடைக்கறி வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போக மாட்டோம். அன்றைக்குச் சமைப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் சனிக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று நான் சங்கைக் கழுவிக்கொண்டே மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது பிரியதத்தம். அதன் பிறகுதான் கயிறு ஆடியது. காக்கா இழுத்தார். மேலே வந்த அத்தான் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. அவர் அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பையில் நான் தூக்கும் நாட்களைவிட நாலு சங்கு கூடுதல். என் கண்ணுக்கு அந்த நாலு சங்குதான் தெரிந்தது. ரத்தம் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது, ஆனால் சங்குதான் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் காக்கா பானைக்கு மாவு அப்பிக் கங்கு போட்டு ஒரு யாசீன் ஓதி முடித்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "தம்பி, இங்கன இருந்து பாத்துக்க. கங்கு ஆறினா மாத்திப் போடு. தொறந்துடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். அத்தான் அக்காவைக் கூட்டிவர வீட்டுக்குப் போயிருந்தார். பானையும் நானும் மட்டும்.

சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கங்கைத் தள்ளிவிட்டேன். சங்கு சுரண்டுகிற கத்தியை மாவுக்கும் பானைக்கும் நடுவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். மூடியைத் தூக்கினதும் ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாசனையை நான் இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வராது. அப்படி ஒரு வாசனை வந்ததே என்று எனக்கு இன்னும் கோபம் கூடியது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பிரியதத்தம் சொன்னேன். நிதானமாக ஏழு சொன்னேன். மாதா பெயரை எதற்கு இழுத்தோம் என்று நினைத்துப் பிற்பாடு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லக் கூசியிருக்கிறேன்.

மூடியைத் திரும்ப வைத்தால் மாவு ஒட்டவில்லை. துண்டு துண்டாக உதிர்ந்தது. அவசரத்தில் ஈர மணலை அள்ளி விளிம்பு முழுக்க அப்பினேன். கடற்கரைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? கங்கை மேலே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

காக்கா வந்தார். பானையைப் பார்த்தார். விளிம்பில் இருந்த மணலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து இரண்டாவது யாசீனை ஓதி முடித்தார். அக்கா வயிற்றைத் தூக்கிக்கொண்டு மணலில் மெல்ல நடந்து வந்து சேர்ந்தாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. அதற்குள் இலை போட்டாயிற்று.

அரிசி மேலாப்பில் வேகவில்லை. பல்லில் நறநறவென்றது. அதோடு மணலும். காக்கா முதல் வாயை விழுங்கிவிட்டு, "தப்பு என்னோடதுதான். அவசரப்பட்டு எறக்கிட்டேன். மணலை வேற தட்டி விட்டுட்டேன்" என்றார். அக்கா சும்மா இருந்தாளா? "இல்ல காக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று மணலை நாக்கால் ஒதுக்கி ஒதுக்கி அவ்வளவையும் தின்றாள். இருபது நாள் சேர்த்த அரிசி. எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில், கெட்டுப்போன சோற்றுக்கும் இந்த மனுஷன் பேர் வாங்கிவிட்டானே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் விடியும் முன் தோணியைத் தள்ளப் போனபோது காக்கா என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப் போனார். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ தொறந்தேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஏன் தொறந்தேன்னும் தெரியும். அத விடு. ஒண்ணு சொல்றேன், கேளு. என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு நான்தான் கயிறு புடிச்சேன். நான் பொறுமைக்காரன். ஆட்டட்டும், ஆட்டட்டும்னு பொறுத்திருந்தேன். மச்சான் ஆட்டவே இல்ல. கடைசியில இழுத்தப்போ வெறும் உடம்புதான் வந்துச்சு."

அவர் கயிற்றுச் சுருளை என் தோளில் மாட்டினார்.

"சூசை கெஞ்சினப்ப, இன்னொரு தடவ புடிச்சுத்தான் பாப்பமேன்னு வாங்கிட்டேன். சனிக்கெழம ரத்தத்தப் பாத்தேல்ல? அப்பவும் என் கை இழுக்கல தம்பி. ஆட்டட்டும்னுதான் இருந்துச்சு. எனக்குச் சோறு ஆக்கத்தான் லாயக்கு. மூடிக்குள்ள இருக்கிறதப் பொறுக்க மாட்டாம தொறக்கிறான் பாரு, அவன் கையிலதான் கயிறு இருக்கணும். நீயே புடி. அவரு வஞ்சா வாங்கிக்க."

அத்தானிடம் தனக்குத் தோள் வலி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்தச் சீசன் முடியும்வரை நான்தான் பிடித்தேன். ஆறாவதில் பாதியிலேயே தூக்கினேன். அத்தான் வைதார். தோணி சிரித்தது. சீசன் முடிந்ததும் காக்கா கொழும்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நீங்கள் நான் மனம் மாறினேன் என்று எதிர்பார்ப்பீர்கள். மாறவில்லை. சொல்லப்போனால் பொறாமை கூடிவிட்டது. பிறந்த வழியில் எனக்கு உரிமையான கயிறு அது. அதை அவர் எனக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அது அவர் கொடுத்த கயிறாகத்தான் இருந்தது. பிடுங்கியதைத் திரும்பப் பிடுங்கலாம். கொடுத்ததை என்ன செய்வது?

அக்காவோ கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பானைக்கு மாவு அப்பி வைத்து, யாசீனுக்குப் பதிலாக செபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபத்தைச் சொல்லித் தம் போடுவாள். திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "காக்கா கை வராதுப்பா" என்பாள். கூடவே, "ஒரே ஒரு தடவ காக்காவுக்கே தப்பிப் போச்சு. பாவம், அன்னைக்கு அந்த மனுசன் மொகம் போன போக்கு" என்பாள். நாற்பது கிறிஸ்துமஸ் இருக்கும். நாற்பது தடவையும் நான் எலும்பைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தேன்.

அத்தான் போய் ஒன்பது வருஷமாகிறது. கடலில் இல்லை. வீட்டில், கட்டிலில், தன் வயதுக்கு. அவருக்குப் பின்னாலேயே அக்காவும் போனாள். இப்போது குளிக்கப் போகிற பையன்கள் படகில் மிஷினை வைத்துக் குழாய் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு கீழேயே கிடக்கிறார்கள். கயிறு பிடிக்க மச்சினன் தேவையில்லை. பிரியதத்தமும் போய்விட்டது, செபத்தைப் புதுத் தமிழில் மாற்றிவிட்டார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், புதியது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதை வைத்து ஏழு எண்ணினால் ஆள் சங்கைத் தொடுவதற்கு முன்னால் மேலே வந்துவிடுவான். எனக்குச் சரியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பானைக்கு வருகிறேன். பத்து நிமிஷம் என்று சீட்டில் போட்டிருக்கிறது, மருமகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் பழைய செபத்தை முணுமுணுக்கிறேன். ஆறாவதில் பாதியில் என் கை போய் மாவைப் பிய்த்துவிட்டது.

"என்ன மாமா, அதுக்குள்ளயா?" என்று சிரித்தான். தட்டில் போட்டுக்கொண்டே, "அம்மா சொல்லுவா, ஒரு தடவ மீரான் காக்காவுக்கே தம்மு தப்பிப் போச்சாம்லா. நான் அப்ப வயித்துக்குள்ள இருந்தேனாம்" என்றான்.

அக்கா நாற்பது தடவை சொன்னபோது வராத சொல் எனக்கு அப்போது வந்தது.

"காக்காவுக்குத் தப்பலலே" என்றேன். "நான்தான் தொறந்தேன்."

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கேட்க வேண்டிய அக்கா, அத்தான், காக்கா மூன்று பேரில் ஒருவரும் அங்கே இல்லை. அவன் கண்கள் அப்படியே அவனுடைய அப்பா கண்கள். அத்தான் தண்ணீருக்கு மேலே வந்ததும் அவை என்னைத்தான் முதலில் தேடும்.